உனக்காக வைத்திருந்த வேகன்

பூர்த்ரெஸ்க்
மே 14

அன்பு மகன் ஈவருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். ஏரியில் பனிக்கட்டி நேற்றுதான் உடைந்தது, என் முழங்கால் வலியும் அதோடு சேர்ந்து கொஞ்சம் விட்டிருக்கிறது. அங்கே நீயும் ஹேலியும் குழந்தைகள் இருவரும் நலமென்றே நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கும் நேரம், அங்கே வீட்டுச் சுவர்கள் மெல்லியவை என்று நீயே சொல்லியிருக்கிறாய், குழந்தைகளைக் காலுறை இல்லாமல் தரையில் விடாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் வேகனை விற்றுவிட்டோம் என்றதும், "எனக்குன்னுதானே வச்சிருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டாய். நான் "அப்பா வண்டி, அப்பா இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். நான் பாடம் நடத்திய வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பதில் சொல்லியிருந்தால், போய் ஒழுங்காக எழுதிக்கொண்டு வா என்றிருப்பேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பழைய ஸ்டேஷன் வேகன் நமக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஓர் உதாரணம் சொல்கிறேன். கடை வாசலில் புது வண்டிக்காரர்கள் ஓர் அலமாரியை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்து நிற்பார்கள். அப்பா நம் வண்டியின் பின்கதவைத் தூக்கி, "உள்ள தள்ளுங்க, இன்னும் ஒரு மாமியாருக்கு இடம் இருக்கு" என்பார். நார்வே கடற்கரையில் கூடாரத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது நாம் மூவரும் நாயும் அதற்குள்தான் படுத்தோம், நாய்தான் நன்றாகத் தூங்கியது. கீறல் விழுந்தால் மனம் கோணாத வண்டி, கெட்டுப்போனால் வீட்டு முற்றத்திலேயே படுத்துச் சரிசெய்யக்கூடிய வண்டி. பின்பக்கம் பார்த்தபடி உட்காரும் அந்தக் குட்டி இருக்கையில் நீ உட்கார்ந்து, பின்னால் வருகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் நாக்கைத் துருத்திக்கொண்டு வருவாய்.

நீ புறப்பட்டபோது "ரெண்டு வருஷம்தான், வண்டிய வித்துராதீங்கப்பா" என்றாய். அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். எங்களுக்குச் சின்ன மின்சார வண்டி வந்த பிறகும், ஒவ்வொரு வருடமும் அரசாங்கப் பரிசோதனைக்கு முன்னால் வேகனுக்கு அடியில் ஊர்ந்துபோய்த் துருப்பிடித்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைப்பார். பக்கத்து வீட்டு ஹோல்கர், "ரூனே, இதுல வண்டி எது, ஒட்டு எது?" என்று கேலி செய்வார். அப்பா, "பையன் வந்தா ஓட்டணும்ல" என்பார். ஆனால் இத்தனை வருடத்தில் எப்போது வருகிறாய் என்று உன்னிடம் கேட்டதே இல்லை. "கேட்டா அவனுக்குப் பாரம்" என்பார். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஹோல்கர் கால் முறிந்த குளிர்காலத்தில், உதவி கேட்கக் கூச்சப்பட்டு, சறுக்குவண்டியில் உட்கார்ந்தபடியே வாசல் பனியை வாரினார். நாமும், உதவப் போனால் அவர் மனம் புண்படுமே என்று ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரியில் அங்கே வீடு வாங்கிவிட்டதாக எழுதி, எலுமிச்சை மரத்தோடு படம் அனுப்பியிருந்தாய். அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தார். "நல்லா காய்ச்சிருக்கு" என்றார். பிறகு வெளியே போய், கிளப்பாத வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். வழக்கம்போலப் பாலாடைக்கட்டித் துண்டு போட்டு அவருக்கு ஊற்றிய காப்பி ஆறிப்போனது, நானும் போய்க் கூப்பிடவில்லை. மார்ச்சில் ஹோல்கரின் பேத்தி தூவா வந்து வண்டியை எப்பா வண்டியாக மாற்றிக்கொள்ள விலைக்குக் கேட்டாள். பின்னிருக்கைகளைக் கழற்றி, மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதபடி கட்டி, பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஓட்டுகிற அதே எப்பாதான். முன்பெல்லாம் யாராவது இப்படிக் கேட்டால் அப்பா, "குதிரைக்குக் காலைக் கட்டிட்டு ஓடச் சொல்றியா?" என்று விரட்டுவார். இந்த முறை, "எடுத்துக்கோம்மா, ஓடாத வண்டியத் துருதான் தின்னும்" என்றார். இருக்கைகளை அவரே கழற்றிக் கொடுத்தார். அந்தக் குட்டி இருக்கையின் திருகு மட்டும் கழலவில்லை, எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

இப்போது நீ சொல்கிறாய், ஜூலையில் குழந்தைகளோடு வந்து அந்த வண்டியிலேயே வடக்கே போக நினைத்திருந்தேன், டிக்கெட் எடுத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன், இனிமேல் பார்க்கலாம் என்று. போனை வைத்ததும் அப்பாவிடம் சொன்னேன். "வர்றதா இருந்தானா? சொல்லவே இல்லையே" என்றார். "நீங்க கேக்கவே இல்லையே" என்றேன். நீ அங்கே எங்களுக்குப் பாரமாக வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாய், நாங்கள் இங்கே உனக்குப் பாரமாக வேண்டாம் என்று கேட்காமல் இருந்திருக்கிறோம், நடுவில் ஒரு நல்ல வண்டி போய்விட்டது. அதை இனித் திரும்பக் கேட்க முடியாது. பின்பக்கத்தை வெட்டிவிட்டார்கள், தூவாவும் அதன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள்.

"இனிமேல் பார்க்கலாம்" என்று நீ சொன்ன சொல்தான் என்னைத் தூங்க விடவில்லை. அதனால் நம் வீட்டில் யாரும் செய்யாததை நான் செய்கிறேன், கேட்கிறேன். ஜூலையில் வாருங்கள், நான்கு பேரும். வடக்கே போக ஏதாவது ஒரு வண்டி கிடைக்கும். "உனக்குச் சௌகரியப்பட்டால்" என்றுதான் முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன், அடித்த இடம் மேலே தெரியும்.

நீங்கள் நால்வரும் நோய்நொடி இல்லாமல், அந்த வீட்டில் மனநிறைவோடு வாழ வேண்டும், அதில் எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இதற்குப் பதில் எனக்கு எழுதாதே, அப்பாவுக்குப் போன் செய். அவர் ஏரியையும் மீனையும் பற்றிப் பேசுவார், பேசட்டும். அவர் மூச்சு விடுகிற நேரத்தில் நீ தேதியைச் சொல்.

அன்புடன் உன் அம்மா,
குன்வோர்