ஒரு தாய், இரண்டு டப்பா

மே 4

அன்புள்ள அக்கா,

வேன் டிரைவரிடம் இரண்டு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன். அலறாதே, பட்டாம்பூச்சி முட்டைதான். இரண்டிலும் ஒரே தாயின் முட்டைகள். இறக்கை ஓரத்தில் கண் போன்ற புள்ளிகள் உள்ளவள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அல்லவா இருக்கிறோம், மே வந்ததும் இங்கே மழை ஓய்ந்து புல்வெளி காய்கிறது, எந்த நேரமும் தீப்பிடிக்கும். உன் பூக்கடைதான் பத்திரம்.

மழைக்காலத்தில் புள்ளிப் பூச்சி, வறட்சியில் வெறும் பழுப்புப் பூச்சி. இரண்டும் ஒரே இனம் என்று நான் தலைகீழாக நின்றும் பேராசிரியர் நம்பவில்லை. "வேற வேற இனம்யா, உளறாத" என்கிறார். இந்த வருஷமும் நிரூபிக்காவிட்டால் என் ஆராய்ச்சி முகாமை மூடிவிடுவார்கள். தின்கிற புல்தான் புள்ளியை மாற்றுகிறது என்பது என் கணக்கு. புழு வந்ததும் ஒரு டப்பாவுக்குப் பச்சைப் புல், மற்றதற்கு வாடிய புல் போடு. நேரில் வாயேன் என்றால் "பூ வாடிடும்டா" என்பாய்.

உன் தம்பி

ஜூலை 10

புழு டாக்டருக்கு அக்கா எழுதுவது,

திட்டாதே. வாடிய பூவைக் கண்டாலே எனக்குப் பொறுக்காது. வாடிய புல்லை வாயில்லா ஜீவனுக்கு எப்படிப் போடுவேன்? இரண்டுக்கும் பச்சைப் புல்தான் போட்டேன். போதாக்குறைக்கு, கல்லாப் பக்கம் இருந்த டப்பாவைப் பார்த்து ஒரு கல்யாணப் பெண் "ஐயோ, புழு!" என்று ஓடியே போனாள். அதைத் தூக்கி, பூவுக்காக ஏ.சி. ஓடும் பின்னறையில் வைத்தேன்.

வெயில் படும் ஜன்னலோரத்தில் இருந்த மற்ற டப்பாவில் எல்லாம் சீக்கிரமே புள்ளியும் பொட்டுமாக வந்தன. பின்னறைச் சோம்பேறிகள் நேற்றுத்தான் வெளியே வந்தன. ஒன்றுக்குக்கூடப் பெரிய புள்ளி இல்லை, வெறும் பழுப்பு. உன் வேலையைக் கெடுத்துவிட்டேனா? ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லையடா.

அக்கா

ஜூலை 19

என் கூடப்பிறந்த தெய்வமே,

கெடுத்தாயா? ஜெயித்துவிட்டோம் அக்கா! ஒரே தாய், ஒரே புல், குளிர் மட்டும்தான் வேறு. இங்கே வறட்சிக்காலம்தானே குளிர்காலமும்! நான் புல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். புழு குளிரைப் பார்த்துச் சட்டை தைத்திருக்கிறது. பழுப்புச் சட்டை போட்டவள் சருகோடு சருகாக உட்கார்ந்தால் பல்லிக்குத் தெரியாது. புள்ளிக்காரியிடம் பல்லி தலையை விட்டுப் புள்ளியைக் கவ்வும், இறக்கை கிழிந்தாலும் உயிர் தப்பும்.

பேராசிரியரை உன் கடைக்கு அனுப்புகிறேன். கண்ணாலேயே பார்க்கட்டும்.

தம்பி

ஆகஸ்ட் 2

என் ராஜா,

வந்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு டப்பாவையும் பார்த்தார். "உங்க தம்பி சொன்னதுதாம்மா சரி. முகாமை மூட விடமாட்டேன்" என்றார். இருந்ததிலேயே பெரிய பூங்கொத்தை அவர் கையில் திணித்தேன். அவர் போனதும் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பழுப்புக்காரிகளை அவர்கள் சருகிலேயே விட வேண்டாமா? சனிக்கிழமை வேனில் டப்பா வருகிறது. டிரைவரிடம் இல்லை, என் மடியில். கடைக்குப் பூட்டு வாங்கிவிட்டேன்.

பூ வாடினால் வாடட்டும்.

அக்கா