இடுப்புயரச் சுவர்

ஜூன் 9
விடியும்போதே மழை. கூடத்துக் கதவு ஊறிப்போய்த் திறக்கவில்லை. நல்லதுதான். திறந்தால் மொட்டைமாடி.

தங்கை செல்லம் இல்லாமல் வரும் முதல் இடவப்பாதி மழைக்காலம். போன ஐப்பசி மழையில் போனாள். கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடி, பாசியில் வழுக்கி, இடுப்பளவே உள்ள கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே. மூன்று மாடி. இந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் நம்பவில்லை. கல்யாணம் ஆகாத அக்கா தங்கை, அதில் ஒருத்தி மாடியிலிருந்து விழுந்து செத்தாள் என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்: குதித்தாள்.

தம்பி முருகன், திருநெல்வேலியிலிருந்து போன். "வீட்ட வித்துட்டு இங்க வந்துரு அக்கா. ஒத்தைல அங்க என்னத்தக் காவல் காக்க?"

வாங்க: பிளீச்சிங் பவுடர், பி.பி. மாத்திரை, வெற்றிலை.

ஜூன் 11
தூறல். குடியிருப்பின் செக்ரட்டரி சசிதரன் வந்தார், மலையாளி. கூட்டுறவு சொசைட்டி வீடு, அவர் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. ஞாயிறன்று ஒரு குடும்பம் பார்க்க வருகிறதாம்.

"சேச்சி, அந்தக் காரியம் மட்டும் பறயண்டா, சொல்லவேண்டா. ஆராவது கேட்டா, தங்கச்சிக்குச் சுகமில்லாம இருந்து, ஆஸ்பத்திரில போச்சுன்னு சொன்னா போதும்."

"விழுந்தான்னு சொல்லக்கூடாதா?"

"ஆரு விஸ்வசிக்கும்?"

காபி குடித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது.

ஜூன் 15, ஞாயிறு
வெயில், வெகு நாளைக்குப் பிறகு. வந்தார்கள். அனிதா, கணவன், சின்னப் பெண் தியா. நாகர்கோவில் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. சசிதரனும் கூடவே. செல்லத்தின் அறையில் நின்று, "இது பாப்பா ரூம்" என்றாள் அனிதா. அலமாரியில் செல்லத்தின் சேலைகள் அப்படியே.

மொட்டைமாடியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "எவ்ளோ அமைதியா இருக்கு ஆன்ட்டி. ஒரு ஊஞ்சல் போட்டுரலாம்." பேச்சு முடியவில்லை, தியா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள். தெருவில் போகிற ஆட்டோவைப் பார்க்க. வயிறு சுவருக்கு மேலே.

எப்படி ஓடினேனோ. குழந்தையை இறக்கிவிட்டேன்.

"என் தங்கச்சி இங்கருந்துதான் விழுந்தா" என்றேன். சசிதரன் பக்கம் பார்க்கவில்லை.

அனிதாவின் கணவன் தயங்கி, "விழுந்தாங்களா, இல்ல..."

"விழுந்தா. துணி எடுக்கப் போனா. பாசி. செவுரு தாழ. அவ்வளவுதான்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். செருப்பைக் கூட வாசலில் மாட்டவில்லை, கையில் எடுத்துக்கொண்டு.

சசிதரன்: "இனி இந்த வீடு விக்காது சேச்சி. அது உறுதி."

ஜூன் 16
முருகன் போன். அதற்குள் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, சசிதரன்தான் சொல்லியிருப்பார். "உண்மை பேசி என்னக்கா கிடைச்சுது?" போனை வைத்துவிட்டான்.

தலைவலி. கஞ்சி. படியில் என்னைக் கண்டதும் கீழ்வீட்டு அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 19
கொத்தனார் வந்தார். நான்தான் கூப்பிட்டேன். சுவர் என் நெஞ்சளவு வர வேண்டும் என்றேன். முதல் வரிசைக் கல் வைப்பதற்குள் சசிதரன். கமிட்டி சம்மதம் வேண்டுமாம். வெளியிலிருந்து பார்த்தால் கட்டிடத்தின் அழகு கெட்டுவிடுமாம்.

"கமிட்டி வரட்டும். இங்க நின்னு கீழ பாக்கட்டும்."

அவரே நின்றார். எட்டிப் பார்த்தார். இறங்கிப் போனார். வேலை நடந்தது.

ஜூன் 27
விட்டு விட்டு மழை. அனிதா போன்.

"ஆன்ட்டி, வேற வீடெல்லாம் பாத்தாச்சு. எல்லாரும் நல்லதா மட்டுந்தான் சொல்லுதாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளத உள்ளபடி சொன்னீங்க. இவருக்கு மொதல்ல மனசில்ல. இப்ப சரின்னுட்டாரு. செவுரு ஒசத்திட்டீங்களாமே?"

ஆமாம் என்றேன், விற்கவும் சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, போக வேண்டியவள் நான். முருகன் வீட்டில் பின்பக்க அறை. ஒரே ஜன்னல், திறந்தால் அடுத்த வீட்டுக் கழிவறை.

செல்லத்தின் சேலைகளைக் கட்ட உட்கார்ந்தேன். மடியில் ஒன்றை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். உலை அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 2
வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஜன்னல் திரைக்கு அளவெடுக்க அனிதா வீட்டார் வந்தார்கள். தியா நேரே மொட்டைமாடிக்கு. நுனிக்காலில் நின்றாள், குதித்தாள். புதுச் சுவருக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. தெருவில் ஐஸ்காரன் மணி. "தெரியல, தூக்கு" என்று ஒரே அழுகை.

அனிதா டேப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அழட்டும் ஆன்ட்டி."

நானும் தூக்கவில்லை.