கீழே வைக்காத பானை

என் பிரியமுள்ள மச்சான் மாடசாமிக்கு,

வெள்ளம் வந்து மலை சரிஞ்சு, ரோடு அறுந்து, குறிஞ்சி பூத்தும் பார்க்க ஆள் வராமப் போச்சே, அந்த வருஷம்தான் நீ போனே. உன்னைத் தூக்கிட்டுப் போகும்போது மாட்டுப்பட்டி அணைத் தண்ணி இரைச்சல்ல சங்குச் சத்தமே கேட்கலை. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்றேன், என் மகன் முருகன் எழுதுறான். அவனா எதையாவது சேர்த்திருந்தா நம்பாதே.

பானை பத்திரமா இருக்கு. முதல்ல அதைச் சொல்லிடுறேன்.

உங்க அப்பா திருநெல்வேலிப் பக்கம் நம்ம ஊர்க் காளியம்மன் கோயில் பிடிமண்ணை அந்தப் பானையில போட்டு, போடியில இருந்து குரங்கணி வழியா மலை ஏறினப்போ எங்கேயும் இறக்கலை. பிடிமண்ணை எங்கே வைக்கிறோமோ அங்கேயே ஆத்தா உட்கார்ந்திடுவா, அப்புறம் கிளப்ப முடியாது. மத்தவங்க தேயிலை எஸ்டேட் மரத்தடியில வச்சுக் கும்பிட்டாங்க. உங்க அப்பா மட்டும், "கம்பெனி நாளைக்கு நம்மளப் போகச் சொன்னா ஆத்தாளையும் கூடவா அனுப்புவான்? சொந்த மண்ணு கிடைக்கட்டும்"னு உறியில தொங்க விட்டார். அவருக்கு அப்புறம் உன் வீட்டு உறி. இப்போ என் வீட்டு உறி.

அந்த வீட்டையும் காலி பண்ணணும், மச்சான். முருகன் கொழுந்து வேலையை விட்டுட்டு ஜீப் ஓட்டுறான். வேலையில ஆள் இல்லாத வீடு கம்பெனிக்குத் திரும்பணும். டவுன்ல வாடகைக்குப் பார்த்திருக்கோம். காங்கிரீட் மேற்கூரை, ஒரு ஆணி அடிக்கக்கூட ஓனர் சம்மதிக்கலை.

அப்போதான் டவுன் லைப்ரரியில இருந்து ஷைனின்னு ஒரு பிள்ளை வந்தது. எஸ்டேட் சனங்க பழைய சாமான்களை நாலு பக்கமும் படம் எடுத்து, எங்கே இருந்து வேணும்னாலும் போன்ல பார்க்கிற மாதிரி போடுறாங்களாம். கொழுந்துக் கூடை, கம்பிளி, கவாத்துக் கத்தி எல்லாம் எடுத்தாச்சு. பானையைப் பத்திக் கேட்டதும் அதுக்குக் கண்ணு விரிஞ்சு போச்சு.

"லைப்ரரிக்கே குடுத்திரலாம்பா. கண்ணாடிப் பெட்டியில பத்திரமா இருக்கும்"னான் முருகன்.

"பெட்டியில வச்சா உட்கார்ந்திருவாளேடா. உங்க மாமன் கேட்டா நான் என்ன சொல்ல?"ன்னா உன் தங்கச்சி பேச்சி.

படம் மட்டும் எடுக்கலாம்னு முடிவாச்சு. ஆனா லைப்ரரிக்குப் போனா, ஒரு வட்டத் தட்டு. அதுல வச்சாத்தான் சுத்துமாம். பேச்சியம்மா பானையை மாரோட அணைச்சுக்கிட்டு நின்னா. வை, வைக்க மாட்டேன், ஒரு நிமிஷந்தான் பாட்டி, அரை நிமிஷமும் ஆகாது. பேச்சு இப்படியே போச்சு. ஷைனி ஒண்ணும் கோபப்படலை. மேலே அண்ணாந்து பார்த்து, "ஃபேன் கொக்கியில தூக்கிக் கட்டிரலாம் பாட்டி, தட்டே வேண்டா"ன்னுச்சு.

ஃபேனைக் கழட்டி உறியை மாட்டினாங்க. பேச்சி ஒத்தை விரலால பானையைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பினா. ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு படம். உள்பக்கம் படம் எடுக்க மண்ணைக் கொட்டணுமான்னு நான் பயந்தேன். வேண்டாம், மண்ணோடதான் வேணும்னு சொல்லிடுச்சு அந்தப் பிள்ளை.

கடைசியில கம்ப்யூட்டர்ல காட்டினாங்க. "கயிற்றை அழிச்சிடறேன், பானை நல்லாத் தெரியும்"னுச்சு. பேச்சி விடலையே! "கயித்தை அழிச்சா எதுல தொங்கும்? விழுந்திராதா?" அங்கே இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. ஷைனியும் சிரிச்சுது, ஆனா கயித்தை அப்படியே விட்டுடுச்சு.

நேத்து சாயங்காலம் முருகன் போன்ல அதைக் காட்டினான். நான் விரலால தள்ளினா பானை சுத்துது. உங்க அப்பா பூசின சுண்ணாம்புக் கோடு, வாய் ஓரம் நீ சின்ன வயசுல உடைச்ச சில்லு, எல்லாம் வருது. திருநெல்வேலியில இருக்கிறவனும் இதைப் பார்ப்பானா? பார்த்தா நம்ம ஊர் மண்ணுன்னு அவனுக்குத் தெரியுமா?

காப்பித் தம்ளரை வாங்குறதுக்காக நான் போனைத் தரையில வச்சேன். பேச்சி அடுப்படியில இருந்து பாய்ஞ்சு வந்து அதை எடுத்துட்டா.

"உங்களுக்கு புத்தி இருக்கா? அதுல ஆத்தா இருக்கால்ல! கம்பெனித் தரையில வைக்கிறீங்களே!"

"ஏளா, அது படம்ளா."

"படத்துல மண்ணு தெரியுதா இல்லையா?"

இதுக்கு என்ன பதில் சொல்றது, மச்சான்? உனக்கு வருமா? ராத்திரி போனும் உறியிலதான் தூங்குச்சு. காலையில சவாரிக்கு யார் கூப்பிட்டாங்களோன்னு முருகனுக்குக் கவலை.

ஞாயித்துக்கிழமை வீடு மாறுறோம். ஜீப்புல பானை பேச்சி மடியில வரும். புது வீட்டுல கொக்கி இல்லேன்னா சன்னல் கம்பியில கட்டுவோம். எங்க பேர்ல ஒரு முழம் மண்ணாவது கிடைக்கிற வரைக்கும் இறக்க மாட்டோம், மச்சான். நாங்க இல்லேன்னா முருகன் தூக்குவான். இந்த வரியை அவனே எழுதியிருக்கான், நம்பு.

இப்படிக்கு உன் மாப்பிள்ளை கருப்பையா. அன்னிக்கு உங்க அம்மா இடுப்புல உட்கார்ந்து அந்தப் பானை கூடவே மலை ஏறி, அப்படி ஏறினவங்கள்ல இன்னும் உசுரோட இருக்கிற ஒரே ஆளான பேச்சியம்மாவோட புருஷன்.