எரியக் கூடாத பாதி

ஏப்ரல் 18
இன்று புல்வெளியைக் கொளுத்தினோம். ஒரு வருஷம் மேல்பாதி, மறு வருஷம் கீழ்ப்பாதி. கைடா மேட்டில் அதுதான் வழக்கம். எரிந்த பாதியில் குதிரைகளுக்கு இளம்புல் வரும். எரியாத பாதியின் சருகுக்குள் அந்தக் குட்டிப் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு பிழைத்துக்கிடக்கும். இந்த முறை தீ நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. இரண்டு பாதியும் போச்சு.

பந்தம் பிடித்தவர் தொகுசோ அண்ணன். "காலங்காத்தால சாகே ஊத்திக்கிட்டு வந்தா இப்படித்தான்" என்று எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 19
நடுக்கோட்டில் சருகை வாரி, அகலமாக வெறும் மண்ணாக்கி வைப்பது என் வேலை. பாதிதான் வாரினேன். மீதியை விட்டுவிட்டு எங்கே போனேன்? முடியைச் சுருட்டிக்கொள்ள! பத்திரிகைக்காரர் படம் எடுக்க வருகிறாராம். தூ.

மே 4
வருஷாவருஷம் பூச்சி எண்ண வரும் ஒரியே நாளெல்லாம் முட்டி போட்டுத் தேடினாள். "ஒண்ணுகூட இல்லக்கா. இந்தப் பூச்சி மிஞ்சியிருக்கிற இடமே கொஞ்சம்தான்." பறக்கிறதா துள்ளுகிறதா என்று தெரியாத அதை நான் வெகுகாலம் அந்துப்பூச்சி என்றே நினைத்திருந்தேன். அவளுக்குச் சூடாக சோபா நூடுல்ஸ் கொடுத்தேன். "நீங்க ரொம்ப நல்லவங்கக்கா" என்றாள். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன்.

மே 9
கடையில் தொகுசோ அண்ணன். "ஒரு கிண்ணம்தான் சுமியே. கை நடுங்கியிருக்குமோ?" என்னிடம் கேட்கிறார்! "குதிரைய வித்துடப் போறேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் புல்ல அறுக்கிறது?"

"உடம்பப் பாத்துக்குங்கண்ணே" என்றேன். அவ்வளவுதான் வந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

மே 10
நாளைக்குக் குதிரையை ஏற்ற வண்டி வருகிறதாம்.

மே 11
சொல்லிவிட்டேன். வண்டிக்காரர், அக்கம்பக்கம், எல்லார் எதிரிலும்.

அண்ணன் என் தலையையே பார்த்தார். "இந்தச் சுருளுக்காகவா?" சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். "இத்தனை நாளா என் கையத்தானே வெறுத்துக்கிட்டிருந்தேன்." குதிரையைத் திருப்பிக் கொட்டிலுக்கு ஓட்டிப்போனார்.

மே 12
ஊரில் யாரும் என்னோடு பேசவில்லை.

மே 16
சாலையோரச் சரிவில் அந்தப் பூச்சி ஒன்று இருக்கிறதாம். ஊரே ஓடியது. நான் கடைசியில் நின்றேன். முன்னால் நின்ற தொகுசோ அண்ணன் திரும்பாமலே, "வழி விடுங்கப்பா, அவளும் பாக்கட்டும்" என்றார்.

குனிந்தேன். மஞ்சள் பூவின்மேல் இறக்கையை விரித்து வைத்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவு. கரி நிறத்தில் அரிசிக்குருணை சிந்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். எவ்வளவு அழகு, பாவி நான்.

"ஆண்" என்றாள் ஒரியே. முட்டையிட ஒரு பெண்ணும் வேண்டும்.

பெண் ஒன்று கிடைக்குமா என்று பொழுது சாயும்வரை அவள் பக்கத்தில் முட்டி போட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. நாளைக்கும் போகிறேன்.