உட்கார்ந்து பேசுகிற ஆஸ்பத்திரி

ஜூன் 2, 2025, திங்கள்

நான் கல்லாவில் உட்காருகிற மெஸ்ஸுக்கு இன்றைக்கு விடுமுறை. வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. அதனால் கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வர வேண்டியதும் இல்லை. நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், காலையிலிருந்து அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

டாக்டர் அபுதாஹிர் சொன்னதை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது. எங்கள் சந்துக்கே காய்ச்சல், சளி பார்க்கிறவர். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரெகுலேட்டரை மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் கை வைத்துப் பார்ப்பது. சந்து முனையிலிருந்து திரும்புவது. நைன்டி ஃபீட் ரோடு வரை போய்விட்டு மறுபடி ஓடி வருவது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரு சிலிண்டர் வெடித்தால் சந்தே போய்விடும், அது என் தலையில்தான் விடியும் என்று நினைப்பது. அவர் சிரிக்கவில்லை. "இது பைத்தியம் இல்லம்மா. இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியம் இருக்கு. மாத்திரை மட்டும் போதாது, ஆள்கிட்டப் பேசிப் பழகித்தான் சரியாகும். இப்பல்லாம் போன்லயே பண்றாங்க" என்றார்.

பேர் இருக்கிறது என்றதும் அழுதுவிட்டேன். எதற்கு அழுதேன்? இன்னும் தெரியவில்லை.

ஜூன் 4

மறுபடி லேட். கல்லாவில் முதலாளியே உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். "செல்வி, காலம்பற கல்லாவுல ஆள் இல்லேன்னா நான் என்ன பண்றது, சொல்லு? தீபாவளி வரைக்கும் பார்க்கறேன். அப்புறம் என்னைத் தப்பா நினைக்கப்படாது." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தன்மையாகச் சொன்னார். மாட்டுங்காவில் இந்தக் கல்லாவை விட்டால் எனக்கு வேறு எந்தக் கல்லா?

ஜூன் 9, திங்கள்

பேசி வைத்தியம் பண்ணுகிறவர்களை மகன் ஹரி போனில் தேடிக் கொடுத்தான். தமிழ் பேசுகிற ஆள் வேண்டும் என்று ஒரு இடத்தில் அமுக்கினால் தமிழ் ஆட்களாக வருகிறார்கள். கடையில் சாமான் பிரித்து வைத்த மாதிரி எல்லாருக்கும் படம், படிப்பு, கட்டணம். ஐம்பது நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு. வாரம் ஒரு தடவை. மாசத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இவரிடம் சொன்னேன். தோல் பட்டறையிலிருந்து வந்து அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தார். "பேசுறதுக்கு ஆயிரத்து இருநூறா? எங்கிட்டப் பேசுட்டி, ஃப்ரீ." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம இன்சூரன்ஸ்ல வருமான்னு கேட்டுட்டு வாரேன்" என்றார். ஏஜென்டுக்குப் போன் போட்டார். வராதாம். ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது கட்டிலில் படுத்திருந்தால்தான் பணம் தருவார்களாம். உட்கார்ந்து பேசுவதற்குக் கிடையாதாம்.

"அப்ப படுத்துக்கிட்டே பேசு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாழாய்ப்போன மனுஷன்.

இந்த நோட்டை எங்கே ஒளித்து வைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஹரிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இவருக்கு இவ்வளவு படிக்கப் பொறுமை கிடையாது.

ஜூன் 16, திங்கள்

முதல் நாள். வீட்டில் பேச முடியாது, நான் தும்மினால் மூன்று வீடு தள்ளி நூறு வயசு என்பார்கள். மாட்டுங்கா ஃபைவ் கார்டன் பூங்காவில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. பெஞ்சில் பிளாஸ்டிக் கவரை விரித்துக்கொண்டேன். பதினோரு மணிக்குப் போனில் அவள் படம் வந்தது. பேர் மதீனா, பாளையங்கோட்டையில் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். "செல்வி அக்கான்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். எங்க அம்மா பேசுகிற பேச்சு அப்படியே. பம்பாயில் பிறந்த நான் அந்தப் பேச்சைக் கேட்டதும் உடனே தலையாட்டினேன்.

பயப்படாதே என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பயம் வரட்டும் என்கிறாள்! ஒரே தடவை பார்க்கணும், மூடியாச்சு என்று வாயால் சொல்லணும், கிளம்பணும். பயம் ஏறுமாம், ஏறிவிட்டுத் தானே இறங்குமாம். இறங்கும் வரை திரும்பக் கூடாது. "இறங்காட்டி?" என்றேன். "இறங்காம எங்கக்கா போவுது?" என்றாள்.

ஜூன் 24

திரும்பவில்லை என்று எழுத ஆசை. திரும்பினேன். ஆனால் ஒரே ஒரு தடவை.

ஜூன் 30, திங்கள்

நாலைந்து மாசம் ஆகலாம் என்கிறாள் மதீனா. இந்த மாசத்துக்கே ஹரியின் பீஸுக்கு வைத்திருந்ததில் கை வைத்தாகிவிட்டது. எனக்கு என் மேலேயே எரிச்சல். தாதர் மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்காமல் நகராத வாய் இது. அவளிடம் மட்டும் "கொஞ்சம் கொறைச்சுக்கிடுங்க" என்று வரமாட்டேன் என்கிறது. பேரம் பேசினால் வைத்தியத்தில் குறைத்துவிடுவாளோ என்று ஒரு பயம் வேறு. கிறுக்கு, கிறுக்கு.

நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் கல்லா போய்விடும். நிறுத்தாவிட்டால் ஹரி பீஸ் போய்விடும்.

ஜூலை 6, ஞாயிறு

செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிட்டேன்.

எங்கள் சந்துப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து ஏலச்சீட்டு போடுகிறோம். மாசத்து முதல் ஞாயிறு விஜயலட்சுமி அக்கா வீட்டில் ஏலம். பணம் அவசரமாக வேண்டும் என்கிறவள் ஐயாயிரம், ஆறாயிரம் என்று தள்ளிக் கேட்டு மீதியை எடுத்துக்கொள்வாள். தள்ளின பணம் எல்லோருக்கும் சமமாகப் பிரியும். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒருத்தி சொல்லிவிட்டால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டோம். முழுப் பணமும் அவளுக்கு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் இதுவரை யாரும் மீறினதும் இல்லை.

செண்பகவல்லி ஆறாயிரம் என்று ஆரம்பித்தாள். என் வாய் தானாக, "எனக்கு ஆஸ்பத்திரிச் செலவு" என்றது. செண்பகவல்லி அதோடு விட்டுவிட்டாள். அக்கா கிட்டத்தில் வந்து என் வயிற்றில் கை வைத்து, "கர்ப்பப்பை ஆபரேஷனாட்டி?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டி வைத்தேன். முழுப் பணத்தையும் என் கையில் வைத்து மூடினாள்.

இவரிடம் சொன்னதற்கு, "பொய் இல்லையே, டாக்டருக்குத்தான குடுக்கப் போற" என்கிறார். அப்படியா?

ஜூலை 14, திங்கள்

அய்யய்யோ. எங்கே போய் முட்டிக்கொள்ள?

ஃபைவ் கார்டனில் பேசி முடித்துவிட்டுத் திரும்புகிறேன், என் வீட்டு வாசல்படியில் நாலு பேர். விஜயலட்சுமி அக்கா, செண்பகவல்லி, சேசம்மாள், இன்னும் ஒருத்தி. ஆப்பிள், பிரெட், ஹார்லிக்ஸ் பாட்டில். ஆபரேஷன் முடிந்திருக்கும் என்று நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறார்கள்! ஆஸ்பத்திரி என்று பணம் எடுத்தவளைப் போய்ப் பார்ப்பதும் வழக்கம்தானே, நானே எத்தனை பேருக்கு பிரெட் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். இது எப்படி மறந்து போச்சு? நான் தலையில் பூ வைத்துக்கொண்டு, காதில் இயர்போனோடு, கை வீசிக்கொண்டு வருகிறேன்.

"கர்ப்பப்பைய எடுத்த மாதிரி தெரியலியே" என்றாள் செண்பகவல்லி.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். கேஸ், ரெகுலேட்டர், முதலாளி, மதீனா, எல்லாம். அக்கா மட்டும், "நீ எதையோ மறந்துட்டு ஓடுதன்னுல்லா நெனச்சேன்" என்றாள். சேசம்மாள்தான் கோபப்பட்டாள். பக்கத்துச் சந்தில் தையல் மெஷின் போட்டிருக்கிறவள், புருஷன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. "பேசுறதுக்குத் துட்டா? எங்களுக்கெல்லாம் வாய் இல்லியா? சாயங்காலம் செபத்துக்கு வா, சும்மாவே பேசலாம். இதுக்குப் போயி ஆஸ்பத்திரின்னு சொல்லலாமாட்டி?"

அக்கா எழுந்திருக்கும்போது சொன்னாள்: "கட்டில்ல படுத்தாத்தான் ஆஸ்பத்திரி, செல்வி. இது அந்தக் கணக்குல வராது." ஆப்பிளை வைத்துவிட்டுத்தான் போனார்கள். திருப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 15

இன்சூரன்ஸ்காரனும் கட்டில் என்கிறான், இவளுகளும் கட்டில் என்கிறாளுக. ரத்தம் வந்தாத்தான் நோவா? அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஆறரை வரைக்கும் ஒரு திருகைத் திருகிக்கிட்டு நிக்கது நோவு இல்லியா? எவளாவது ஒரு நாள் இந்தத் தலையை வச்சுக்கிட்டு நடந்து பாக்கட்டும்! பொய் சொன்னது தப்பு. சரி. நோவு பொய் இல்ல.

இன்றைக்கு மூன்று தடவை திரும்பினேன்.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா வீட்டில் போய், செண்பகவல்லி அன்றைக்குத் தள்ளிக் கேட்ட அதே ஆறாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆளுக்கு முந்நூறாகப் பிரித்தாள்.

ஜூலை 21, திங்கள்

மதீனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், இனிமேல் இவ்வளவு கட்டணம் கொடுக்க முடியாது, இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். அவள், "செல்வி அக்கா, மொத நாளே கேட்டிருக்கலாம்லா?" என்றாள்.

வருமானத்துக்குத் தக்க கட்டணம் என்று ஒன்று இருக்கிறதாம். வாரத்தில் சில மணி நேரத்தை அப்படிப்பட்டவர்களுக்கென்றே வைத்திருக்கிறாளாம். போனில் அவள் படம் இருக்கிற பக்கத்திலேயே போட்டிருக்கிறது, அடியில், இங்கிலீஷில், எறும்பு எழுத்தில். சம்பளச் சீட்டு எதுவும் காட்ட வேண்டாம், எவ்வளவு முடியும் என்று நாமே சொன்னால் போதும். அதுவும் முடியாதவர்களுக்கு அரசாங்கத்தின் இலவச நம்பர் இருக்கிறது, அதிலும் தமிழில் பேசலாம் என்று அதையும் சொன்னாள்.

"எவ்வளவு முடியும்?" என்றாள். "நீங்களே சொல்லுங்க" என்றேன். "இல்ல, நீங்கதான் சொல்லணும். இதையும் வீட்டுப்பாடம்னு வச்சுக்கிடுங்க." நானூறு என்றேன். சரி என்றாள். அவ்வளவுதான்! இதற்குப் போய் கர்ப்பப்பை வரைக்கும் போனேனே.

ஆகஸ்ட் 27

சந்தில் கணபதி வைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் மூடியாச்சு என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. இருந்தும் கிளம்பிவிட்டேன். சயான் சிக்னல் வரை நெஞ்சு அடித்துக்கொண்டது, கிங்ஸ் சர்க்கிள் வருவதற்குள் இறங்கிவிட்டது. இறங்காமல் எங்கே போகும் என்று மதீனா கேட்டது சரிதான்.

செப்டம்பர் 18

முதலாளி வருவதற்கு முன்பே கல்லாவைத் திறந்து வைத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஒரு காபி சாப்பிடு" என்றார். முழுசாகச் சரியாகிவிட்டதா? இல்லை. முந்தாநாள் ஒரு தடவை திரும்பினேன். ஆனால் அதற்காக அழவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

சீட்டு ஏலம். எடுத்து முடித்தவள் தவணை கட்டுவதற்கு மட்டும்தான் போக வேண்டும். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். செண்பகவல்லி இந்தத் தடவை எடுத்தே தீருவது என்று வந்திருந்தாள், மகளுக்குக் காலேஜ் பீஸ். ஐயாயிரம் என்று ஆரம்பித்தாள்.

அப்போது சேசம்மாள், "எனக்கு ஆஸ்பத்திரிச் செலவு" என்றாள்.

விஜயலட்சுமி அக்கா உடனே, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். இதற்கு முன்னால் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. நான் செய்து வைத்த வேலை.

சேசம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செல்வி போறால்லா, அந்த ஆஸ்பத்திரி. அவரு போனதுல இருந்து ஒரு ராத்திரி ஒழுங்கா ஒறங்கல. செபத்துலயும் பேசிப் பாத்துட்டேன்."

எல்லோரும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அக்கா மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. முழுப் பணத்தையும் எண்ணி சேசம்மாள் கையில் வைத்து மூடினாள்.

எனக்குச் சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான். அதே நேரத்தில் வயிறும் எரிந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? எழுந்து நின்று, "அப்ப என் ஆறாயிரம்?" என்று கேட்டேன்.

அக்கா என்னை முறைத்தாள். நான் உட்காரவில்லை. "நான் சொன்னது பொய்தான், அதுக்கு மன்னிச்சிருங்க. ஆனா நான் போனதும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான அக்கா?"

செண்பகவல்லிதான் முதலில் சிரித்தாள். "குடுத்துருங்க, இல்லாட்டி இவ ராத்திரி பூரா நம்ம ரெகுலேட்டரையும் வந்து திருகுவா." அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "ஆளுக்கு முந்நூறு எடுங்கட்டி" என்றாள்.

சேசம்மாள் கையில் இருந்த கட்டிலிருந்தே மூன்று நூறு ரூபாய்த் தாளை உருவி என்னிடம் நீட்டினாள். "திங்கக்கெழம எத்தனை மணிக்குப் போவ?" என்று மட்டும் கேட்டாள்.

பதினொன்று என்றேன்.