அன்னாசி மயில்

மே 11, ஞாயிறு

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மகள் காவ்யஸ்ரீக்கு 28ஆம் தேதி நிச்சயதார்த்தம். தட்டு அலங்காரத்துக்கு ஆள் பிடிக்கலாம் என்று இவர் சொன்னார். "பழமெல்லாம் நானே செதுக்குறேன், அன்னம், மயில்னு அசத்திடுவேன்" என்றேன். செல்போன் வீடியோ கொடுத்த தைரியம். இவருடைய அக்கா மலையம்மாள் மதினி பக்கத்தில் இருந்தார். "நீயா?" என்றார். அந்த ஒரு சொல் போதும் எனக்கு.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதினி வாயில் ஒரு "நல்லாருக்கு" கேட்டதில்லை. என் மீன் குழம்புக்கு "பரவால்ல". கோலத்துக்கு "ம்". பெற்ற பிள்ளையைத் தூக்கிக் காட்டினால், "மூக்கு எங்க வீட்டு மூக்கு" என்றார். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

மே 14, புதன்

தர்பூசணி அன்னம். கழுத்து ஒடிந்து சாம்பாருக்குள் விழுந்தது. ராத்திரிச் சாப்பாடு தர்பூசணி.

மே 15, வியாழன்

காலைச் சாப்பாடும்.

மே 18, ஞாயிறு

அன்னாசி மயில். திராட்சையையும் பப்பாளித் துண்டையும் பல்குச்சியில் குத்தித் தோகை, கண்ணுக்குக் கிராம்பு. சரியாக அந்த நேரம் மதினி வந்தார்.

"அடைகாக்குற கோழியாடி?"

"மயிலு மதினி."

"மயிலு ஏன் இப்படி முழிக்குது?"

கிராம்பு கொஞ்சம் பெரிசுதான். அதற்காக? கிளம்பும்போது வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போய்விட்டார். போகட்டும்!

மே 22, வியாழன்

"ராதாமணி, இட்லின்னு ஒண்ணு செய்வியே, ஞாபகம் இருக்கா?" — இவர். ஒரு கிண்ணம் பப்பாளி வைத்தேன்.

மே 27, செவ்வாய்

எலுமிச்சைத் தண்ணீரில் முக்கினால் ஆப்பிள் கறுக்கவில்லை. அன்னத்துக்குக் கழுத்து நிற்கிறது. மயில் மயிலாகவே வந்துவிட்டது! சும்மா சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நாளைக்கு மதினி என்ன சொல்வார்? சொல்லித்தானே ஆகணும்.

மே 28, புதன்

பேரையூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். புடவைத் தட்டு, பூத்தட்டு, வெற்றிலைத் தட்டு, நடுவில் என் மயிலும் அன்னமும். தட்டு மாற்றப் போகும் நேரம், மாப்பிள்ளையின் பெரியப்பா மொக்கையன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏத்தா, நிச்சயத்துக்கு முழுப்பழம்ல வைக்கணும்? கத்தி பட்ட பழத்த வச்சா தட்டு மாத்துறது?"

ஐயோ, எத்தனை நிச்சயத்துல தட்டு தூக்கியிருக்கேன்! ஒண்ணுலயாவது அறுத்த பழத்தப் பார்த்திருக்கேனா? எம்புத்தி எங்க போச்சு? மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கியது. காவ்யா கண்ணில் தண்ணீர். என் ஒத்தப் பிள்ளை நிச்சயத்தை நானே கெடுத்தேனா?

மதினி எழுந்தார். நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு கூடையை இழுத்தார். ஆப்பிள், மாதுளை, மாம்பழம், ஒரு சீப்பு வாழைப்பழம். ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

"அண்ணே, அது பந்தி வாசலுக்குச் செஞ்ச அலங்காரம், பிள்ளைக மாத்தி வச்சுட்டாக. தட்டுக்குப் பழம் இந்தா. மாட்டுத்தாவணியில விடியக் கருக்கல்ல போயி வாங்குனது."

தட்டு மாறியது. காவ்யா சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது, கூடவே கோபமும். மதினியைத் தனியாக ஓரங்கட்டினேன்.

"தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லக் கூடாதா மதினி?"

"சொல்லத்தானே வந்தேன்? மூஞ்சியத் திருப்புன. சொன்னா மட்டும் கேட்டிருப்பியாக்கும்!"

கேட்டிருக்க மாட்டேன். அது வேறு விஷயம்.

மயிலும் அன்னமும் பந்தி வாசலுக்குப் போயின. அங்கே அவற்றோடு செல்ஃபி எடுக்க வரிசை. தோகையைப் பிடுங்கிப் பிடுங்கித் தின்றது யார் என்று நினைக்கிறாய்? மொக்கையன் பெரியப்பாவேதான். மதினி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அம்புட்டு நாள் செதுக்கியும் ஒரு வார்த்தை இல்லை. படுத்துத் தலையணைக்குள் கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 1, ஞாயிறு

சம்பந்தியம்மா போன். கல்யாண வரவேற்புக்கும் அதே மாதிரி ரெண்டு மயில் வேண்டுமாம். "உங்க மதினி அன்னைக்கே சொன்னாங்க. இதெல்லாம் எங்க வீட்டுக் கைப்பழக்கம், ராதாமணிக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு."

சொல்லிக் குடுத்தாராமே! கத்தரிக்காய் நறுக்கினால் கட்டைவிரலையும் சேர்த்து நறுக்குகிற கை அது. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துர்றேன் என்று போனை எடுத்தேன்.

எடுத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காவ்யாவின் மூக்குக்கு அப்புறம், என்னிடமிருந்து மதினி சொந்தம் கொண்டாடியிருப்பது இந்த மயிலைத்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பரைப் போட்டேன்.

"மதினி, கல்யாணத்துக்கு ரெண்டு மயிலு கேக்குறாக. நீங்கதான் வந்து சொல்லிக் குடுக்கணும்."

"வாரேன், வாரேன்" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். "கிராம்பு மட்டும் சின்னதா வாங்கி வையி."