தாஹு வேணுமா? கூப்பிடுங்க

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று தாஹுக் கட்டி போட வைத்த சோயாப் பால் திரியவே இல்லை. புளித்தண்ணீர் ஊற்ற மறந்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை. மனசு அடுப்படியில் இருந்தால்தானே?

பேருந்து நிலையத்துப் பலகாரக் கடைக்காரர் இனிமேல் தாஹுவைத் தானே செய்துகொள்ளப் போகிறாராம். நாங்கள் போடுகிற மஞ்சள் தாஹு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டிருந்தவர். நேரில் வந்து சொல்லக்கூட முகமில்லை, ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அந்தக் கடையை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது.

சாயங்காலம் கடல் தாண்டி காலிமந்தானிலிருந்து என் வீட்டுக்காரர் மாஸின் அண்ணன் போன் செய்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி ஓட்ட ஆள் வேண்டுமாம். மாஸ் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“லெபாரான் பெருநாள் முடிஞ்சதும் போலாம்னு பாக்குறேன். நீ என்ன சொல்ற, டிக்?”

“போறதுன்னா போங்க. நான் என்ன உங்க கையப் புடிச்சா கட்டி வெச்சிருக்கேன்?”

டிக் என்று அவர் செல்லமாகக் கூப்பிட்டுக் கேட்டும் ஏன் இப்படிச் சொன்னேன்? என் வாய் இருக்கிறதே, வாய்.

பிப்ரவரி 13

போகாதீங்க. ஒரே ஒரு சொல். இங்கே எழுத வருகிறது, அவர் எதிரே வரமாட்டேன் என்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரு ராத்திரிகூடப் பிரிந்து படுத்ததில்லை.

பிப்ரவரி 18

வட்டார அலுவலகத்தில் சிறு வியாபாரிகளுக்கு இலவச வகுப்பு. யாராவது போனில் ஒரு பொருளைத் தேடினால் நம்முடைய விளம்பரம் மேலே வருமாம். பார்த்துவிட்டுச் சும்மா போனால் காசில்லை. விரலால் தொட்டால்தான் நம் கணக்கிலிருந்து எடுப்பார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நாமே வரம்பு போடலாம். பொல்லாத யோசனைதான். சந்தையில் தொண்டை கிழியக் கத்துகிற வேலை மிச்சம்.

பக்கத்தில் உட்கார்ந்தவள் தித்திஸ், பறவைக் கூண்டு விற்கிறாள். மத்தியானத்துக்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை, ஊறின பயறு வீணாகிவிடும். “போங்க ஜெங், மிச்சப் பாடத்த நான் சொல்லித் தரேன்,” என்றாள், பழகின தோழியை அழைக்கிற மாதிரி. நல்ல பெண். முன்பின் தெரியாதவளுக்கு யார் இப்படிச் சொல்வார்கள்?

அங்கே உட்கார்ந்தே கணக்குப் போட்டேன். லெபாரானுக்குள் எங்களுக்கென்று சொந்தமாக வாடிக்கை பிடித்துவிட்டால் மாஸ் எதற்குப் போக வேண்டும்?

பிப்ரவரி 21

போட்டுவிட்டேன்! எந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்று கேட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘தாஹு’ என்று ஒரே சொல்லாகக் கொடுத்தேன். விளம்பர வரியும் நானே எழுதினேன்: தாஹு வேணுமா? கூப்பிடுங்க. கீழே என் போன் நம்பர். தித்திஸிடம் மிச்சப் பாடத்தைக் கேட்கவே மறந்துபோனேன். பரவாயில்லை, வந்துவிட்டதே.

பிப்ரவரி 22

மத்தியானத்துக்குள் இன்றைய காசு மொத்தமும் காலி. அத்தனை பேர் தொட்டிருக்கிறார்கள், ஒருவர்கூட வாங்கவில்லை. சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது.

“காப்பிக் கடையில நாலு பேருக்குக் காட்டினேன் டிக். பாருங்கடா, எங்க தாஹு மேலயே வருதுன்னு. அவங்களும் அவங்கவங்க போன்ல தொட்டுப் பாத்தாங்க.”

“அய்யோ மாஸ்! ஒவ்வொரு தடவ தொடும்போதும் நம்ம காசுல்ல போகுது! அது என்ன வீட்டுக் கதவா, ஆளாளுக்குத் தட்டிப் பாக்க?”

“பெருமையா இருந்துச்சு,” என்றார்.

அதற்கப்புறம் கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஆனால் சத்தியம் வாங்கிக்கொண்டேன். இனிமேல் என் விளம்பரத்தை அவர் தொடக் கூடாது.

மார்ச் 3

நோன்பின் மூன்றாம் நாள். முதல் போன் வந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

“இபு, நோன்புல பல் தேய்க்கலாமா?” ஒரு பையன், ‘அம்மா’ என்கிற மரியாதையோடு.

“தம்பி, நான் தாஹு விக்கிறவ.”

“ஆமா இபு, அதான். தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன்.”

கிறுக்கன் என்று வைத்துவிட்டேன். அடுத்தது ஒரு ஆள், போன் மின்கலம் அசலா போலியா என்று கேட்டான். பிறகு ஒரு பெண், அழுகையோடு. ஒருவன் நிஜமாகவே தன்னை விரும்புகிறானா, எப்படிக் கண்டுபிடிப்பது என்றாள். அவளிடம் மட்டும் எரிந்து விழ மனசு வரவில்லை. “அவன்கிட்டயே கேளும்மா. வாயத் தொறந்து கேக்குறதுக்கு என்ன கேடு?” என்றேன்.

யார் யாருக்குப் புத்தி சொல்வது பார்.

மார்ச் 4

விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன், அப்புறம் அழுதேன். தின்கிற தாஹுவும் தாஹுதான், ‘தெரிந்துகொள்’ என்பதும் தாஹுதான். எங்கள் மொழியில் உச்சரிப்புதான் கொஞ்சம் வேறு, எழுதினால் இரண்டும் ஒன்று. நான் எழுதிய வரியைப் படிக்கிறவர்களுக்கு அது ‘தெரிஞ்சுக்கணுமா? கூப்பிடுங்க’! ஜாவா முழுக்க எதையோ தெரிந்துகொள்ளத் தேடுகிறவர்கள் எல்லாரும் என் காசில் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி. எனக்கு ஏன் தோன்றவில்லை? எனக்குத் தாஹு என்றால் தட்டில் இருப்பது மட்டும்தான்.

மார்ச் 6

தித்திஸுக்குப் போன் செய்தேன். “அடக் கடவுளே, அதான் ஜெங் மத்தியானப் பாடமே! எந்தெந்தச் சொல் கூட வந்தா நம்ம விளம்பரம் வரக் கூடாதுன்னு சொல்லி வெக்கணும். நான் ‘பறவை’ன்னு மட்டும் போட்டு, ஆம்பளைங்க அவங்க கைலிக்குள்ள இருக்குற ‘பறவை’க்கு மருந்து கேட்டுக் கூப்பிட்டாங்க!” நோன்பு நேரத்தில் இப்படிச் சிரித்தது பாவமோ என்னவோ. பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு நான் என்ன செய்யப் போகிறேன்?

நோன்பு திறந்ததும் மாற்றலாம் என்று இருந்தேன். அதற்குள் இன்னொரு போன்.

“முட்ட கெட்டுப்போச்சான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?”

எனக்குப் பசி, கோபம் வேறு. ஆனாலும் சொன்னேன். “தண்ணியில போடுங்க. மிதந்தா தூக்கி எறிங்க.” லைனிலேயே இருந்து போட்டுப் பார்த்தார். நிறைய மிதந்ததாம். மலாங்கில் ஒரு மாணவர் விடுதிச் சமையல்கட்டை நடத்துகிறவர், ரெத்னோ என்று பெயர்.

“புள்ளைங்களுக்கு இப்ப என்னத்தப் போடுவேன்? ஆமா, நீங்க யாரு இபு? முட்ட விக்கிறீங்களா?”

“தாஹு விக்கிறேன்.”

போனில் ஒரே சிரிப்பு. “மலாங்குக்கு அனுப்புவீங்களா?”

அல்ஹம்துலில்லா. அந்த அழுகல் முட்டைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மார்ச் 7

எப்படி, ஏன், எதற்கு, காதல், கனவு, கூடுமா... எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டேன். ‘தாஹு’வையும் எடுத்துவிட்டு எங்கள் ஊர்ப் பேரையும் சேர்த்து ‘கெதிரி மஞ்சள் தாஹு’ என்று முழுசாகக் கொடுத்தேன். வரியை மட்டும் மாற்றவில்லை. அது எனக்குச் சோறு போட்ட வரி.

மார்ச் 9

போன் ஊமையாகிவிட்டது. அழுத பெண் என்ன ஆனாளோ.

மார்ச் 12

விடுதிக்கு முதல் கூடைகள் வேனில் போய்விட்டன. மாஸ் வாழையிலை போட்டுக் கட்டினார். நான் கட்டினால் இத்தனை அழகாக வராது. அதை அவரிடம் சொன்னேனா? இல்லை.

மார்ச் 25

சுராபாயாவிலிருந்து நான்கு வீடுகள், ஜொம்பாங்கிலிருந்து ஒரு கடை. எல்லாரும் தாஹுவுக்காகவே தேடி, தாஹுவுக்காகவே கூப்பிட்டவர்கள். விடுதிக்கு வாரா வாரம். ரெத்னோ இபு தன் தோழிகளிடமும் சொல்லியிருக்கிறார். முகம்கூடப் பார்க்காத மனுஷி. விடியுமுன் சஹர் நேரத்தில் எழுந்து அவர் பேரைச் சொல்லித் துஆ கேட்டேன்.

மார்ச் 31

லெபாரான். மாஸின் முன்னால் மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்புகளை மன்னிக்கச் சொன்னேன். அவரும் என்னிடம் கேட்டார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கும்பலாக உள்ளே வந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 9

மாஸ் போய்விட்டார்.

அண்ணன் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாராம். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். “ஆர்டரெல்லாம் நல்லா வருது. நீ தனியாவே சமாளிச்சுடுவ, டிக்.” கேள்வி மாதிரியும் இருந்தது, கேள்வி இல்லாத மாதிரியும் இருந்தது.

“ஆமா. சமாளிச்சுடுவேன்.”

மடச்சி! அவரை நிறுத்தத்தானே இவ்வளவும் செய்தாய்? நான் இல்லாவிட்டாலும் இவளுக்கு ஆகும் என்று அவரை நினைக்க வைத்துவிட்டாயே. நாளைக் காலை சுராபாயாவில் கப்பல்.

ஏப்ரல் 10

காலையில் துணியில் தாஹு பிழிந்துகொண்டிருந்தேன். போன். மாஸ்.

“இபு, வணக்கம். விளம்பரம் பாத்துட்டுக் கூப்பிடுறேன்.”

“என்னது? தொட்டீங்களா?”

“தொட்டுத்தான் கூப்பிடுறேன்.”

“சத்தியம் பண்ணினீங்களே மாஸ்! காசு போகும்னு தெரியாதா? என் நம்பர் உங்ககிட்ட இல்லியா?”

“நம்பர் இருக்கு. ஆனா தெரிஞ்சுக்கணுமா, கூப்பிடுங்கன்னு இதுலதான போட்டிருக்கு.” பின்னால் கப்பல் ஊதுகிற சத்தம். அவர் குரல் மாறிவிட்டது. “எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் இபு. நான் போகணுமா?”

மஞ்சள் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்தது. நான் துடைக்கவில்லை.

“போகாதீங்க,” என்றேன். “போகாதீங்க மாஸ். எனக்குச் சமாளிக்கத் தெரியும். நீங்க இல்லாம இருக்கத்தான் தெரியாது.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஏப்ரல் 11

விளம்பரக் கணக்கைப் பார்த்தேன். நேற்று ஒரே ஒருவர்தான் தொட்டிருக்கிறார். அந்தக் காசு போனதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் அடுப்பு மூட்டினேன்.

பால் கொதித்து இறங்கியது. நான் ஏதோ நினைப்பில் கரண்டியைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன்.

“டிக், புளித்தண்ணி,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.